மழைப் போத்தல்

சோலைமலை உயிரோடு இருந்த கடைசிக் காலையில் அவனுக்கும் மீனம்மாவுக்கும் ஒரு செருப்பை வைத்துத்தான் வாக்குவாதம்.

நீல நிற ரப்பர் செருப்பு அது. வார் அறுந்து, ஊக்குக் குத்தி, பீலித் தண்ணீரில் குளிக்கப் போகும்போது மட்டும் அவள் போட்டுக்கொள்வது. விடிந்தும் விடியாமல் வாசலுக்கு வந்தவள், வலது செருப்பின் குதிகாலில் எலி கடித்தது போல ஒரு துண்டு காணாமல் போயிருப்பதைக் கண்டாள். சோலைமலை தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு, மழைப் போத்தல் மாட்டிய வாசல் கம்பத்தடியில் நின்றான்.

"ஏங்க, ஏஞ்செருப்ப என்னா பண்ணீங்க?"

"ஒரு துண்டு எடுத்தேன் புள்ள. போத்தல் ஆடுது. வளையத்துக்கு நடுவுல சொருகணும்."

"ஒங்க செருப்புல வெட்டுறதுதானே?"

"ஏஞ்செருப்பு கறுப்பு. போத்தலுக்கு நீலந்தான் எடுப்பா இருக்கும்."

"அந்தப் போத்தலையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க. அதுதான் சோறு ஆக்கிப் போடும்."

"அது பேசாது. அதனால நல்லாத்தான் குடும்பம் நடத்தும்" என்று சிரித்தான். முந்திய இரவு மழையின் அளவைப் பார்த்துவிட்டு, போத்தல் தண்ணீரை பெயின்ட் தகரத்தில் நின்ற ரோசாச் செடிக்கு ஊற்றினான். ரொட்டியும் சம்பலும் தின்று, தேத்தண்ணீர் குடித்து, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனான். அவ்வளவுதான்.

அன்று ஆண்களுக்குக் கவ்வாத்து மலையில் வேலை. பத்து மணித் தேத்தண்ணீருக்கு முன்னால், டர்பன்டைன் மரத்தில் தொங்கிய குளவிக் கூட்டைக் கழுகு கலைத்துவிட்டது. முதலில் பார்த்தவன் சோலைமலை. ஓடியிருக்கலாம். நின்று விசிலை ஊதினான். விசில் கேட்டவர்கள் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு வடிகானுக்குள் குப்புற விழுந்தார்கள். எல்லோருக்கும் கொட்டு விழுந்தது. ஆனால் எல்லோரும் எழுந்து வந்தார்கள், ஊதினவனைத் தவிர. கொழுந்து லொறியில் ஏற்றிக் கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே மூச்சு நின்றுவிட்டது.

சுவரோடு சுவராக வீடுகள் ஒட்டிய அந்த லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு காம்பராவில் உயிர் போனால், யாரும் வாசல் வாசலாகப் போய்ச் சொல்வதில்லை. பக்கத்துச் சுவரை உள்ளங்கையால் விடாமல் அடிப்பார்கள். அதைக் கேட்டவர் அடுத்த சுவரை அடிப்பார். கடைசிக் காம்பரா வரைக்கும் சாவு அப்படித்தான் போய்ச் சேரும். வேறு எதற்கும் சுவரை அடிக்கக்கூடாது. பிள்ளைகள் விளையாட்டுக்கு அடித்தால் முதுகில் விழும். அன்று மத்தியானம் சேதி வந்தபோது, மீனம்மா அடிக்கவில்லை, கை எழவில்லை. பக்கத்துக் காம்பரா கிருஷாந்திதான், இடுப்புப் பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு ஓடிவந்து, மீனம்மாவின் வீட்டுக்குள் நின்று தன் சுவரைத் தானே அடித்தாள்.

புதைக்கும்போது விசில் அவன் கழுத்திலேயே இருந்தது. கழற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

*

மழைப் போத்தல் என்பது லயத்தார் வைத்த பெயர். கடதாசியில் அது மழைமானி. ராகலைக்கு மேலே, தோட்டத்தின் கடைசிப் பிரிவில், மலைச்சரிவை வெட்டிக் கட்டிய லயம் அது. ஒரே தகரக் கூரை, வரிசையாகக் காம்பராக்கள், முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஓடும் இஸ்தோப்புத் திண்ணை. பாதையோரத்து முதல் காம்பரா மீனம்மாவுடையது. மறு கோடி மலையடியில் போய் முடியும். அங்கே தோட்டத் தலைவர் நல்லமுத்துவின் வீடு. கீழே ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் சிங்களக் கிராமம். மேலே மண் இளகினால் ஓடை வழியாக அங்கேதான் போய் விழும். மேலே உள்ளவர்களும் கீழே உள்ளவர்களும் ஒரே மழைக்குப் பயந்தவர்கள்தான். ஆனால் ஒருவரோடொருவர் பேசியதில்லை. ஒரு காலத்துக் கலவரத்தில் ஆட்கள் ஏறிவந்த பாதை அது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதன் பிறகு அந்தப் பாதையில் புல்தான் வளர்ந்தது.

புல்லை வெட்ட வைத்தவள் நிரூபா. பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முதல் கூட்டத்துக்கு வரும்போது குளிருக்கு இரண்டு சுவெட்டர் போட்டு, மேலே மழைக்கோட்டும் போட்டிருந்தாள்.

"இஞ்சை பாருங்கோ. அரசாங்கம் மழைமானி ஒண்டுதான் தந்திருக்கு. மேல இருக்கிற ஆக்கள் பாக்கோணும், கீழ இருக்கிற ஆக்களுக்குச் சொல்லோணும். ஒவ்வொரு மாசமும் ஒத்திகை. ஒத்திகைக்குப் பிறகு சாப்பாடு."

சாப்பாடு என்றதும் கூட்டம் நிமிர்ந்தது.

"பார்சலா மிஸ்?" என்றார் நல்லமுத்து.

"பார்சல் இல்லை ஐயா. ஒரு மாசம் நீங்கள் சமைச்சுக் கிராமத்துக்குக் குடுக்கோணும். அடுத்த மாசம் அவையள் சமைச்சு உங்களுக்குத் தருவினம். சாமான் நாங்கள் தருவம்."

"அப்ப அவுங்க சமைக்கிற மாசத்துல இருந்தே தொடங்குவோம்" என்று நல்லமுத்து சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மொழிபெயர்த்துச் சொன்னதும், கொஞ்சம் பிந்தி, கிராமத்தாரும் சிரித்தார்கள். அந்தப் பிந்திய சிரிப்பில்தான் எல்லாம் தொடங்கியது என்று மீனம்மா பின்னாளில் நினைத்துக்கொள்வாள்.

போத்தலைப் பார்க்கும் வேலை சோலைமலைக்கு வந்தது, அவன் வாசலில்தான் மரம் மறைக்காத வானம் இருந்தது என்பதால். போத்தலில் இருந்த எண்களை வாசிக்க அவன் கண்ணுக்குச் சிரமம். ஆகவே எச்சரிக்கைக் கோட்டுக்கு மஞ்சளும், மகள் வினோதா விட்டுப்போயிருந்த நகப்பூச்சால் ஆபத்துக் கோட்டுக்குச் சிவப்பும் இழுத்தான். சிவப்பைத் தொட்டால் லயம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். கிராமத்தார் தங்கள் புத்த கோயிலான பன்சலைக்கு ஏற வேண்டும். கீழே செய்தியை வாங்குகிறவள் பியசீலி. மழை நாட்களில் பொழுது சாய்ந்தால் அவளிடமிருந்து போன் வரும். அவளுக்குத் தெரிந்த தமிழும் சோலைமலைக்குத் தெரிந்த சிங்களமும் சந்தித்துக்கொள்ளும் இடத்தில் ஒரு பாஷை உண்டாகியிருந்தது. மழையின் அளவில் தொடங்கும் பேச்சு, அவள் மகனின் காய்ச்சல், லீக்ஸ் விலை என்று எங்கெங்கோ போகும். "ஒரு மழைக்கு இம்புட்டுப் பேச்சா?" என்று மீனம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள்.

முதல் ஒத்திகை சிரிப்பாய்ச் சிரித்தது. சோலைமலை விசில் ஊதினதும் சனம் வீட்டுக்குள் ஓடியது, வெளியே அல்ல. ஒருத்தி கோழிக்கூட்டைத் தூக்கினாள். ஒருவன் டீவியைப் போர்வையில் சுற்றினான். நல்லமுத்து கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தார்.

"ஐயா, உயிர்தானே முக்கியம் எண்டு சொன்னனான்!" என்று நிரூபா தலையில் கைவைத்தாள்.

"கேஸ் விக்கிற வெலைக்கு இதுவும் ஒரு உசிருதான் மிஸ்."

அடுத்த ஒத்திகையிலும் அதற்கடுத்த ஒத்திகையிலும் அதே கதைதான். விசில் கேட்டால் கை சாமானைத்தான் தேடியது. "நெசமா வந்தா போட்டுட்டு ஓடுவோம் மிஸ்" என்றார்கள். சோலைமலை மட்டும் வீட்டுக்கு வந்து, "ஓட மாட்டானுங்க புள்ள. சட்டி பானையக் கட்டிக்கிட்டுத்தான் சாவானுங்க" என்று கவலைப்பட்டான்.

*

அவன் போன பிறகு போத்தலை யாரும் பார்க்கவில்லை. கருமாதி முடியாத வீடு, துடக்குத் தீட்டு. மீனம்மா மற்றவர் வாசல் மிதிக்கக்கூடாது. காலையில் யார் முகத்திலும் விழிக்கக்கூடாது. உள்காம்பராவில் மூலையில் உட்கார்ந்திருந்தாள். வத்தளையில் துணிக்கடையில் வேலை பார்க்கும் வினோதா வந்து, அடுப்பைப் பற்றவைத்து, அம்மாவுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசினாள்.

"கருமாதி முடிஞ்சதும் ஏங்கூட வந்துரு மா. இங்க யாரு இருக்கா ஒனக்கு?"

மீனம்மாவுக்கும் அதே கேள்விதான். அவன் இல்லாத லயத்தில் அவளுக்கு என்ன இருக்கிறது? ஓய்வூதியக் காசுக்கு இன்னும் வருஷம் கிடக்கிறது. வீடு தோட்டத்து வீடு. போய்விடலாம் என்றுதான் மனசு சாய்ந்துகொண்டிருந்தது.

மாலையானால் தகரப் பெட்டிக்குள் சோலைமலையின் போன் அடிக்கும். இருவரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடித்து ஓயும்.

ஒரு நாள் போன் அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக வாசலில் குரல் கேட்டது. வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண், ஓடைப் பாதையில் ஏறிவந்த மூச்சிரைப்போடு, கையில் சீனியும் தேயிலையும் கட்டிய பொட்டலத்தோடு நின்றாள். மீனம்மா அவளை ஒத்திகைச் சாப்பாட்டில் பார்த்திருக்கிறாள். பேசியதில்லை. குரல் மட்டும் நன்றாகத் தெரியும்.

"அக்கே, நான் பியசீலி. எனக்கு சொல்ல இல்லை யாருமே. இன்னிக்குதான் கொழுந்து எடுக்க வந்த பொம்பள சொல்லிச்சு" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து மீனம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். துடக்கு வீட்டில் தண்ணீர் குடிக்கலாமா என்று அவளுக்குத் தெரியாது. வினோதா கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தாள். புறப்படும்போது வாசல் கம்பத்தைப் பார்த்தாள். போத்தலில் தண்ணீர் பல நாளாகத் தேங்கி, மேலே ஒரு பூச்சி மிதந்தது.

"அக்கே, கோவிக்க வேணாம். மழை எவ்ளோனு சொல்ல இல்லைனா, நம்ம ஆளுங்க தூங்க இல்லை. சோலே ஐயா சொன்னாத்தான் தூங்குறது."

சோலே ஐயா! அந்தப் பெயரை அப்படி ஒருவர் சொல்லி மீனம்மா கேட்டதில்லை. ஒரு கிராமத்தைத் தூங்க வைத்த மனிதனா அவன்? வீட்டில் குறட்டை விட்டு அவளைத் தூங்க விடாதவன்!

மறுநாள் காலையில், யாரும் எழும்பும் முன்னே, அவள் வாசலுக்கு வந்து போத்தலைக் கழுவினாள்.

நல்லமுத்து பார்த்துவிட்டார். தூரத்தில் நின்றே சொன்னார்: "தங்கச்சி, தப்பா நெனைக்காத. கருமாதி முடியட்டும். தீட்டுக் கையோட ஊர்க் காரியத்தத் தொடுறது நல்லால்ல. போத்தல என் வாசலுக்கு மாத்திக்கிறேன்."

"ஒங்க வாசல்ல மரம் மறைக்கும் அண்ணே."

"மரத்த வெட்டுனா போச்சு."

நிரூபாவுக்குப் போன் போட்டது வினோதாதான். நிரூபா போனிலேயே தலைவரோடு பேசினாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"ஐயா, உங்கட வழக்கத்தை நான் குறைசொல்லேல்லை. எங்கட வீட்டிலயும் துடக்குக் காப்பம். ஆனா மழை துடக்குப் பாத்தோ பெய்யப்போகுது? அக்கா தன்ர வாசல்லதானே நிண்டு பாக்கிறா. ஆற்ற வீட்டுப் படியும் ஏறேல்லையே."

நல்லமுத்து தலையைச் சொறிந்தார். "வாசல் தாண்டாட்டிச் சரி" என்றார். அந்த அளவுக்கு அவர் இறங்கி வந்ததே பெரிய காரியம்.

*

கருமாதிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மழை பிடித்தது. வழக்கமான மழை அல்ல. முதல் நாள் இரவு தொடங்கி, பௌர்ணமிப் போயா விடுமுறையான மறுநாளும் விடவில்லை. வேலை இல்லாததால் சனம் எல்லாம் காம்பராக்களுக்குள் முடங்கிக் கிடந்தது. தகரத்தில் விழும் மழையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. காலையில் மஞ்சளைத் தாண்டியிருந்தது. மத்தியானம் பியசீலிக்குச் சொல்லியாயிற்று. பின்னேரம் மீனம்மா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, தண்ணீர் நகப்பூச்சுக் கோட்டை மூடியிருந்தது. மலைப்பக்கத்துக் கானில் ஓடிவந்த தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது.

"வினோ! போன எடு! பியசீலிக்குச் சொல்லு!"

"சிக்னல் இல்ல மா!"

மழை கனத்தால் வீட்டுக்குள் சிக்னல் வராது. கோயில் வளைவுக்குப் போக வேண்டும். வினோதா போனைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

மீனம்மா இஸ்தோப்பில் நின்றாள். அடுத்த வாசல் நான்கு எட்டில் இருந்தது. விசில் இல்லை. அது மண்ணுக்குள் அவனோடு இருந்தது. கத்தினாள். அவள் குரல் அவள் காதுக்கே வரவில்லை. காலை எடுத்து வைக்கப் பார்த்தாள். கிருஷாந்தி வீட்டில் கைப்பிள்ளை. அதற்கடுத்த வீட்டில் வயசுக்கு வந்த பிள்ளைக்குத் தண்ணி ஊற்றி இன்னும் உள்ளேயே வைத்திருக்கிறார்கள். தாலி இறங்காத புது விதவை, தீட்டோடு, அந்தப் படிகளில் ஏறுவதா? நாளைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் அது யார் தலையில் விடியும்? கால் நகரவில்லை. வாசல் தாண்டக்கூடாது என்று தலைவர் சொன்ன வார்த்தையும் இருந்தது.

வீட்டுக்குள் திரும்பி ஓடினாள். சுவர் இருந்தது. அது அவள் சுவர். பாதி கிருஷாந்தியின் சுவர். படியேற வேண்டாம், முகம் காட்ட வேண்டாம். இரண்டு உள்ளங்கையாலும் அடித்தாள். விடாமல் அடித்தாள். அடிக்கும்போது அவளுக்கு வேறெந்த நினைப்பும் இல்லை, கேட்க வேண்டும் என்பதைத் தவிர.

மறுபக்கம் கிருஷாந்தி கேட்டாள். பதினைந்து நாள் கூட ஆகாத விதவை வீட்டிலிருந்து சாவுத் தட்டு வந்தால் யார்தான் வேறெதையும் நினைப்பார்கள்?

"ஐயோ! மீனம்மாக்கா என்னமோ பண்ணிக்கிட்டாங்க!" என்று அலறிக்கொண்டு அடுத்த சுவரை அடித்தாள். அடுத்தவர் அதற்கடுத்த சுவரை. தட்டு லயத்தின் நீளத்துக்கு ஓடி, மலையடியில் நல்லமுத்துவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. சனம் அடுப்பில் இருந்ததை அடுப்பிலும், உலையில் இருந்ததை உலையிலும் விட்டுவிட்டு, பிள்ளைகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு ஓடி வந்தது. இஸ்தோப்பு நிறைந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே வந்தவர் நல்லமுத்து. சாரத்தை மடித்துக் கட்டி, கையில் கயிறு அறுக்கக் கத்தி.

மீனம்மா சுவரோடு நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து.

"அடிப் பாவி, உசிரோடதான் இருக்கியா!" என்று கிருஷாந்தி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். தீட்டு கீட்டு எதுவும் அப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. பின்னால் நின்றவர்கள் என்ன ஏதென்று தெரியாமல் ஒப்பாரியே தொடங்கிவிட்டார்கள்.

"செவப்புத் தாண்டிருச்சு" என்றாள் மீனம்மா. "எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு நடங்க. இப்பவே."

கூட்டத்தில் பாதி திரும்பிப் பார்த்தது, தங்கள் காம்பராக்களை. நல்லமுத்துவும் திரும்பிப் பார்த்தார். அவர் கண் எங்கே போகிறது என்று மீனம்மாவுக்குத் தெரிந்தது.

"அண்ணே, சிலிண்டர் போனாப் போகட்டும். எனக்காகத்தானே ஓடியாந்தீங்க? எனக்காகவே நடங்க."

நல்லமுத்து கத்தியைக் கீழே போட்டார். "நடங்கடா" என்று போட்ட சத்தத்தில் மழையே கொஞ்சம் அடங்கினது போல இருந்தது. அவரே வயசுப்பிள்ளை வீட்டுக்குப் போய், உள்ளேயிருந்த பிள்ளையைப் போர்வையோடு அழைத்துக்கொண்டு வந்தார்.

பாதையில் இறங்கும்போது மீனம்மா காலில் கிடைத்ததை மாட்டியிருந்தாள். அந்த நீலச் செருப்புதான். வெட்டுப்பட்ட இடத்தில் குளிர்ந்த சேறு குதிகாலைத் தொட்டுக்கொண்டே வந்தது. கோயில் வளைவில் வினோதா எதிர்ப்பட்டாள். "பேசிட்டேன் மா, பன்சலையில மணி அடிக்கிறாங்க" என்றாள். காதைக் கொடுத்தபோது, மழைக்குள்ளிருந்து கீழே அந்த மணி மெலிதாகக் கேட்டது.

அவர்கள் பள்ளிக்கூடத்துப் படி ஏறி, ஈரத்தைத் துடைத்து, தலையை எண்ணி முடித்த பிறகு மலை வந்தது. லொறி நிறையக் கல்லைக் கவிழ்த்தது போல ஒரு சத்தம். அப்புறம் மரங்கள் முறியும் சத்தம். மறுநாள் பார்த்தபோது, லயத்தின் மலையடிப் பாதியைக் காணவில்லை. நல்லமுத்துவின் காம்பரா இருந்த இடத்தில் ஒரு பாறை உட்கார்ந்திருந்தது. கீழே, ஓடையோரத்து வீடுகளும் போயிருந்தன. ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள், மேலேயும், கீழேயும்.

*

பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் விரித்துக் கிடந்த நாட்களில் அந்தச் சுவர்த் தட்டைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பயம் போவதற்கு வேறு வழி என்ன?

"விசில் ஊதியிருந்தா நம்ம சட்டி பானைய எடுக்கப் போயிருப்போம்" என்றாள் கிருஷாந்தி. "மண்ணோட போயிருப்போம்."

"என்னைய எடுத்துப் பொதைக்கத்தானே ஓடியாந்த?"

"பின்ன? ஒன்னைய அப்புடியே விட்டுருவோமா?"

வினோதா பாயைச் சுருட்டி வைத்தாள். பிறகு, "வத்தளையில நான் சுவரத் தட்டுனா, பக்கத்து ரூம்காரி சத்தம் போடாதனு மெசேஜ் அனுப்புவா" என்றாள். அதற்குமேல் அம்மாவை வரச் சொல்லி அவள் கேட்கவில்லை.

நிரூபா சேற்றில் ஐந்து கட்டை தூரம் நடந்து வந்து சேர்ந்தாள். பாய், பால்மா, மருந்து எல்லாம் அவள் பின்னால் ஆட்களின் தோளில் வந்தன. மீனம்மாவைக் கண்டதும், "அண்ணை இருந்திருந்தா..." என்று தொடங்கி, மழைக்கோட்டுத் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"நீங்க அந்தப் போத்தலக் கொண்டாந்தீங்க மிஸ். அது போதும்" என்றாள் மீனம்மா.

கருமாதி நாள் வந்தது. சமைக்கச் சட்டி இல்லை, பொங்க அரிசி நிவாரண அரிசி. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று இருந்தது. தாலி இறக்கியதும் விதவைக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். மீனம்மாவின் அண்ணன்மார் வட்டவளையில் இருந்தார்கள். வழியெல்லாம் பாதை உடைந்து கிடந்தது. "தங்கச்சி, எப்புடியும் வரப் பாக்குறோம்" என்று போனில் அழுதார்கள். வர முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். கோடி போர்த்தாத கருமாதி என்ன கருமாதி? மீனம்மா வெளியே சொல்லவில்லை. ஆனால் பிறந்த வீடே இல்லாதவள் போல நீர்த்துறையில் நிற்க வேண்டிவருமே என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டே கிடந்தாள்.

காலையில் பள்ளிக்கூட வாசலில் சத்தம் கேட்டது. ஓடைப் பாதையில் வரிசையாகப் பெண்கள் ஏறி வந்தார்கள், தலையில் சட்டிகளோடு. முன்னால் பியசீலி. வீடு போனவர்களில் அவளும் ஒருத்தி. பன்சலையில் தங்கிச் சமைத்துக் கொண்டு வந்திருந்தாள்.

"எதுக்கு நங்கி? ஒங்களுக்கே இல்லையே" என்றாள் மீனம்மா, தங்கச்சிக்கான சிங்களச் சொல்லால்.

"இந்த மாசம் எங்க முறைதானே அக்கே."

ஓடைக்கரையில் சடங்கு நடந்தது. தாலி இறங்கியது. மீனம்மா முழுகி எழுந்து, நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போது பியசீலி தன் பையிலிருந்து மடித்த சேலையொன்றை எடுத்தாள். போயாவுக்குப் பன்சலைக்குக் கட்டிக்கொண்டு போகும் வெள்ளைச் சேலை. வீட்டிலிருந்து அவள் எடுத்துக்கொண்டு ஓடியது அது ஒன்றுதான். குளிரில் நிற்கிறவளுக்கு மாற்றுத்துணியாகத்தான் நீட்டினாள். வழக்கம் எதுவும் அவளுக்குத் தெரியாது.

மூத்த பெண்கள் தயங்கினார்கள். "கோடின்னா பொறந்த வீடு போர்த்தணுமே" என்றது ஒரு குரல்.

நல்லமுத்து தொண்டையைச் செருமினார். "அந்தப் புள்ள இவள என்னானு கூப்புடுது?"

"அக்கேன்னு."

"அக்கான்னு கூப்புட்டா தங்கச்சி. தங்கச்சி கொண்டாந்தா அது பொறந்த வீடுதான். போர்த்து தாயி."

பியசீலி போர்த்தினாள். மீனம்மா அன்றுதான், அவன் போனதிலிருந்து முதல் முறையாக, அடக்காமல் அழுதாள். அந்த அழுகையில் துக்கம் மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

சாப்பாட்டில் பலாப்பிஞ்சுக் கறி, பருப்பு, தேங்காய்ச் சம்பல். கருமாதிச் சோறு சைவமாக இருக்க வேண்டும். சம்பலில் மாசிக் கருவாட்டுத்தூள் கிடந்தது. எல்லோருக்கும் தெரிந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. நல்லமுத்து இரண்டாம் தடவை சம்பல் வாங்கினார்.

"தலைவரே, மாசி போட்டிருக்கு" என்று கிருஷாந்தி காதோடு சொன்னாள்.

"எனக்குக் கண்ணு மங்கல் தாயி. தேங்காப்பூதான் தெரியுது."

*

மீனம்மா வத்தளைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மேலே, ஆய்ந்து பார்த்துப் பத்திரம் என்று சொன்ன நிலத்தில், தற்காலிகக் கொட்டில்கள் எழும்பின. யார் யாருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவர்களையே சொல்லச் சொன்னாள் நிரூபா. மேலிடத்தோடு வாதாடி அதை வாங்கினாள். மீனம்மாவின் கொட்டிலுக்கு ஒரு பக்கம் கிருஷாந்தி. மறுபக்கம் யார் என்று கேட்டபோது, மீனம்மா கீழே கையைக் காட்டினாள். கிராமத்தில் வீடு போனவர்களுக்கும் அங்கேதான் நிலம் ஒதுக்கியிருந்தார்கள். பியசீலி இப்போது போன் எடுப்பதில்லை, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அக்கே, எவ்ளோ?" என்று கேட்கிறாள். மாலையில் வத்தளையிலிருந்து வினோதா கேட்கிறாள், அதே கேள்வியை.

போத்தலை நிரூபா பழைய வாசலிலிருந்து தானே போய்க் கழற்றிக்கொண்டு வந்தாள். முதல் காம்பரா விழவில்லை. கம்பம் மட்டும் சாய்ந்திருந்தது. புது இடத்தில் இரும்புக் கம்பம், புது வளையம். வளையத்தைப் பூட்டும்போது பழையதிலிருந்து ஒரு துண்டு கீழே விழுந்தது.

"இதென்ன அக்கா, பழஞ் செருப்போ? எறிஞ்சு விடட்டே?"

"வேணாம் மிஸ். இங்கிட்டுக் குடுங்க."

புது வளையம் சரியான அளவு, போத்தல் ஆடவில்லை. ஆனாலும் மீனம்மா துண்டை வாங்கி, இடுக்கில் பெருவிரலால் அழுத்திச் சொருகினாள். மழைக்கும் வெயிலுக்கும் கம்பம் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. நகப்பூச்சுக் கோட்டை வினோதா வரும்போதெல்லாம் புதுசாக இழுக்கிறாள். நீலம் மட்டும் அப்படியே இருக்கிறது.